ஸாந்தோ டொமிங்கோ நகர யாத்திரை

தேசாந்தரம் செல்வோர்க்கு வழிகாட்டும் நூல்கள் இக்காலத்தில் மலிந்துள்ளன. எந்த வண்டியில் ஏறுவது, எந்த விடுதியில் தங்குவது, எந்தக் கடையில் விலை பேசுவது என்னும் விஷயங்களை அவை நன்கு கற்பிக்கின்றன. ஆயின், ஒரு புராதன நகரத்துக் கற்சுவரின் முன் நிற்கும் யாத்திரிகன் எதனை நினைந்து நிற்றல் வேண்டும் என்பதனை அவை கற்பிப்பது அரிது. அக்குறையைச் சிறிது போக்கும் பொருட்டு, கரிபியன் கடற்பகுதியின் பழைய தலைநகராகிய ஸாந்தோ டொமிங்கோவைப்பற்றி எமது கருத்துச் சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கரிபியன் கடலிலே ஹிஸ்பானியோலா என்றொரு பெருந்தீவு உண்டு. அதன் மேற்குப் பாகம் ஹெய்ட்டி. கிழக்குப் பாகம் டொமினிக்கன் குடியரசு. அக்குடியரசின் தலைநகரே ஸாந்தோ டொமிங்கோ. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் அர்ச்சியசிஷ்ட சாமிநாதர் என்று வழங்கும் அடியாரின் திருப்பெயரே அவ்வூர்ப் பெயராய் அமைந்துள்ளது. தென்கரையிலே, ஓஸாமா நதி கடலொடு கலக்குமிடத்தில் அது விளங்குகின்றது.

அந்நகர் தோன்றிய வரலாற்றுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் மேற்றிசை நோக்கிக் கப்பல் விட்டது, இந்தியா முதலிய கீழ்த்திசை நாடுகளின் மிளகையும் பிற வாசனைப் பொருள்களையும் பொன்னையும் நாடியேயாம். இடையில் எதிர்ப்பட்ட தீவுகளை இந்தியாவின் புறக்கரை என்று அவன் மயங்கினான். அங்கு வாழ்ந்த மக்களை ‘இந்தியர்’ என்றான். மிளகைத் தேடிச் சென்றவன் கண்டது மிளகாயை. அம்மிளகாய் பின்னர்ப் போர்த்துக்கேசியர் வழியாக நம் அடுக்களை வந்து சேர்ந்தது. கொய்யாவும் அன்னாசியும் மரவள்ளியும் அப்புதுக் கண்டத்தினின்று வந்தனவே.

கொலம்பஸின் தம்பி பர்த்தலோமே 1496க்கும் 1498க்கும் இடையே ஓஸாமாவின் கீழ்க்கரையில் இவ்வூரை அமைத்தான். 1502இல் வீசிய பெரும்புயல் அதனைப் பாழாக்க, ஆளுநனாய் வந்த நிக்கோலாஸ் தே ஓவாந்தோ மேற்கரையில் நேரிய தெருக்களோடு அதனைப் புதிதாய் வகுத்தான். ஐரோப்பியர் அமெரிக்காவில் நிறுவி இன்றளவும் இடையறாது மக்கள் வாழ்ந்துவரும் நகரங்களுள் இதுவே மூத்தது. ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் அளவில் அடங்கிய பழைய நகர்ப்பகுதியை 1990ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது.

இந்நகர்க்குச் செல்வோரிடம் அங்குள்ள வழிகாட்டிகள் மீண்டும் மீண்டும் உரைக்கும் ஒரு சொல் ‘முதல்’ என்பதாம். புதுக் கண்டத்தின் முதற் கற்கோட்டை, முதற் கல் பாவிய தெரு, முதற் பேராலயம், முதல் வைத்தியசாலை, முதற் சர்வகலாசாலை என்று அவர்கள் எண்ணி எண்ணிக் காட்டுவர். அவையாவும் காணத்தக்கனவே. நதியின் வாயிலைக் காத்து நிற்கும் ஓஸாமாக் கோட்டையின் கோபுரம் ஓவாந்தோவின் காலத்தது. அது நெடுங்காலம் சிறையாகவும் பயன்பட்டது. கோட்டையை அடுத்தது ‘சீமாட்டிகளின் தெரு’. கொலம்பஸின் மகன் தியேகோவின் மனைவியாகிய மரியா தே தோலேதோவும் அவள் தோழியரும் உலாவியமையால் அப்பெயர் பெற்றதென்பர். தெருவின் வடகோடியில், நதியை நோக்கிய வளைவுத் தூண்களோடு தியேகோவின் மாளிகை நிற்கின்றது. அது பாழடைந்து கிடந்து, 1955ஆம் ஆண்டையொட்டிப் புதுக்கப்பட்டது. 1503இல் தோன்றிய வைத்தியசாலையோ இன்று கூரையற்ற வளைவுகளாய்ப் புறாக்களுக்கு இல்லமாயிற்று.

பேராலயம் 1541இல் அபிஷேகம் பெற்றது. 1546இல் மூன்றாம் பவுல் என்னும் பாப்பரசரால் அமெரிக்காவின் தலைமைப் பேராலயமாக உயர்த்தப்பட்டது. அதன் பொன்னிறச் சுண்ணாம்புக் கற்களை மாலை வெயிலிற் காணவேண்டும். 1586இல் பிரான்சிஸ் டிரேக் என்னும் ஆங்கிலக் கப்பற்றலைவன் நகரைக் கைப்பற்றிச் சூறையாடி, 25,000 டூக்கட் நாணயங்களை மீட்புப் பணமாகப் பெற்ற பின்னரே அகன்றான்.

சர்வகலாசாலையின் முதன்மைமட்டும் வழக்கிற்குரியது. பாப்பரசரின் ஆணையால் 1538இல் தோன்றியது இது என்பர் இந்நகரத்தார். அரச சாசனத்தால் 1551இல் நிறுவப்பட்ட தம் சர்வகலாசாலையே மூத்தது என்பர் பெரு நாட்டு லிமா நகரத்தார். இவ்வழக்கைத் தீர்க்க யாம் முற்படவில்லை. முதன்மை என்பது எத்துணை ஆவலோடு பற்றிக்கொள்ளப்படும் பொருள் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

எமது வாதம் வேறு. ‘கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்தறிவதே மெய்’ என்பது நம்மவர் பழமொழி. முதன்மைகளின் இப்பட்டியலைத் தீர விசாரித்தால், அதில் உள்ளவை பொய்யல்ல, ஆனால் இருக்கவேண்டியவை சில இல்லை என்பது புலனாகும். விடுபட்டவை மூன்று என்போம்.

முதலாவது, அந்நிலத்துக்குரிய தைனோ மக்களின் அழிவு. வயல் விளைத்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த அம்மக்களை ஸ்பானியர் ஆளுக்கு இத்தனை பேர் எனப் பங்கிட்டுக்கொண்டு பொற்சுரங்கங்களில் வேலை வாங்கினர். அனகவோனா என்னும் அரசியை ஓவாந்தோ தூக்கிலிட்டான். 1514இல் நடந்த பங்கீட்டுக் கணக்கின்போது எஞ்சியோர் சுமார் 26,000 பேரே. 1518ஆம் ஆண்டின் இறுதியில் பெரியம்மை வந்து புகுந்தது. ஓஸாமாக் கோட்டையின் தலைவனாயிருந்த ஒவியேதோ என்னும் சரித்திராசிரியன், பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதும்போது, ஐந்நூறு பேரேனும் மிஞ்சியிருப்பரோ என்று ஐயுற்றான். பழங்குடியின் இரத்தம் இன்றைய மக்களிடத்துக் கலந்து நிற்கின்றது என்பது மெய். ஆயினும் அச்சமுதாயம் ஒரு தலைமுறைக்குள் சிதைந்துபோயிற்று. யாத்திரிகன் வியந்து நோக்கும் மாளிகைச் சுவர்களும் அம்மக்களின் கட்டாய உழைப்பால் எழுந்தவையே.

இரண்டாவது, அக்கொடுமையை எதிர்த்தெழுந்த ஒரு குரல். 1510இல் சாமிநாதர் சபைத் துறவிகள் சிலர் அந்நகர்க்கு வந்து எளிய குடிலிற் குடியேறினர். தாம் கண்ட அநீதியைப் பொறுக்கலாற்றாது, தம்முட் கலந்து ஒரு பிரசங்கத்தை எழுதி, யாவரும் கையொப்பமிட்டு, அதனை நிகழ்த்துமாறு அந்தோனியோ தே மொந்தேசினோஸ் என்பவரை ஏவினர். 1511ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், ஆகமன காலத்து நான்காம் ஞாயிறு. தியேகோ கொலம்பஸும் அதிகாரிகளும் செல்வரும் கூடியிருந்த கோயிலில் அவர் எழுந்து, இம்மக்களை இவ்வாறு வருத்தும் உரிமையை உங்களுக்கு அளித்தவர் யார் என்றும், இவர்களும் ஆன்மாவுடைய மனிதரல்லரோ என்றும் கேட்டனர். கேட்டோர் கொதித்தெழுந்தனர், மடத்துக்குச் சென்று, சொன்னதை மீட்டுக்கொள்ளவேண்டுமென அச்சுறுத்தினர். அடுத்த ஞாயிறு, மீட்டுக்கொள்ளும் உரையைக் கேட்கலாமென்று ஊரே திரண்டது. மொந்தேசினோஸ் முன்னையினும் கடுமையாக அதனையே உரைத்தனர்.

இதன் பயன் யாது? வழக்கு அரசன்வரை சென்றது. 1512இல் பூர்கோஸ் நகரில் சட்டங்கள் பிறந்தன. அவை பழங்குடிகளின் வேலைக்கு வரையறை செய்தனவேயன்றி அவர்களை விடுவிக்கவில்லை. அவ்வரையறைகளும் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றன. ஆயினும் அக்குரல் வீண் போகவில்லை. அடிமைகொள்ளும் நிலக்கிழாராயிருந்த பர்த்தலோமே தே லாஸ் காஸாஸ் என்னும் குரு 1514இல் தம் பங்கினைத் துறந்து, தம் எஞ்சிய ஆயுள் முழுவதையும் பழங்குடிகளின் பொருட்டு வழக்காடுவதிற் கழித்தார். அந்தப் பிரசங்கத்தின் செய்தி இன்று நமக்குக் கிடைப்பதும் அவர் எழுதிவைத்த சரித்திரத்தினாலேயே. அவரும் குற்றமற்றவரல்லர்: பழங்குடிகளின் சுமையைக் குறைக்க ஆபிரிக்க அடிமைகளைக் கொணரலாமென ஒருகால் யோசனை கூறி, பிற்காலத்தில் அதற்காகப் பெரிதும் மனம் வருந்தினார். சரித்திரத்தில் நல்லோரும் இருள் கலந்தே தோன்றுகின்றனர்.

மூன்றாவது, அவ்வாறு கொணரப்பட்ட ஆபிரிக்கரின் எழுச்சி. பொன் குறையவே கரும்பு வந்தது. கரும்போடு அடிமை வாணிகமும் வந்தது. 1521ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் திருநாளையொட்டி, நகர்க்கருகே தியேகோ கொலம்பஸின் சர்க்கரை ஆலையிலிருந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அமெரிக்காவில் ஐரோப்பியர்க்கெதிராக ஆபிரிக்க அடிமைகள் நிகழ்த்தியதாக ஏடுகளிற் பதிவாகிய முதல் எழுச்சி அதுவே. அது விரைவில் அடக்கப்பட்டது. உடனே கடுஞ்சட்டங்கள் எழுந்தன. அக்கரும்பின் கதை அங்கேயே முடிந்திலது. அண்டைத் தீவுகளாகிய மார்ட்டினிக், குவாதலூப் என்பவற்றில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு 1853 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவருள் புதுச்சேரி, காரைக்கால் துறைகளினின்று சென்ற தமிழர் பலர். ஆதலின் இவ்வெழுச்சியின் கதை நமக்கும் முற்றும் அயலானதன்று.

சிலர் வினவலாம்: ‘இன்பமாய்ப் பொழுது போக்கச் செல்பவனிடம் இத்துன்பக் கதைகளை ஏன் உரைத்தல் வேண்டும்?’ யாம் கூறுவது: பயணத்தின் இன்பத்தை யாம் மறுத்திலேம். தெருவிலே இசை முழங்கும், கடற்காற்று வீசும், மக்கள் முகமலர்ந்து வரவேற்பர், இவை துய்த்தற்குரியன. ஆயினும் ஒரு வீட்டுக்கு விருந்தினராய்ச் செல்வோர் அவ்வீட்டாரின் துக்கத்தையும் அறிந்து பழகுவதே பண்பாகும். வேறு சிலர், ‘அங்ஙனமாயின் அக்கட்டடங்களை இடித்தொழிப்பதே தகும்’ என்பர். அதுவும் எமக்கு உடன்பாடன்று. சான்றை அழித்தால் வழக்கே அழியும். கல் நிற்கட்டும்; அதனருகே உண்மையும் நிற்கட்டும்.

ஆதலின் நகரைக் காணும் வரிசையை மாற்றிக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பெரும்பாலார் தியேகோவின் மாளிகையிலே தொடங்குவர். நீங்கள் சாமிநாதர் சபையாரின் கோயிலிலே தொடங்குங்கள். இன்று காணும் கற்கட்டடம் பிரசங்கத்திற்குப் பின்னர் எழுந்தது. எனினும் அச்சபையாரின் இடம் அதுவே. அங்கிருந்து பேராலயத்துக்குச் செல்லுங்கள். அதனெதிரே 1887இல் நிறுவப்பட்ட கொலம்பஸின் சிலையுண்டு. அதன் அடிப்பீடத்தில் ஒரு தைனோப் பெண்ணுருவம் மேல்நோக்கி ஏறும் பாவனையில் அமைக்கப்பட்டுள்ளது. எவர் மேலே, எவர் கீழே என்பதனைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் கோட்டை, சீமாட்டிகளின் தெரு, மாளிகை. மாலையிற் கடற்கரைச் சாலைக்கு வந்தால், மெக்ஸிக்கோ நாட்டார் அளித்து 1982இல் நிறுவப்பெற்ற மொந்தேசினோஸின் பேருருவத்தைக் காணலாம். சுமார் 15 மீட்டர் உயரத்தில், வாயருகே கை வைத்து, கடலை நோக்கி அவர் கூவுகின்றார்.

மறுநாள் நகரின் மேற்கெல்லையிலுள்ள கோந்தே வாயிலைக் காண்க. 1844 பிப்ரவரி 27ஆம் நாள் ஹெய்ட்டியின் ஆட்சியினின்று விடுதலை அறிவிக்கப்பட்டது அங்கேயே. நதியின் கீழ்க்கரையில், கொலம்பஸின் நினைவாகச் சிலுவை வடிவில் 1992இல் திறக்கப்பட்ட பெருவிளக்குக் கட்டடம் ஒன்றுண்டு. அவன் எலும்புகள் அங்குள்ளன என்பர் இவர்கள். தம்மிடமே உள்ளன என்பர் ஸ்பெயின் நாட்டு செவில் நகரத்தார். அதனை எழுப்புதற்காக ஏழைக் குடும்பங்கள் பல இடம்பெயர்க்கப்பட்டன என்பதனையும் நினைவிற் கொள்க. நேரம் குறைவாயின் அதனை விடுத்து, அருகிலுள்ள ‘மூன்று கண்கள்’ என்னும் குகைச் சுனைகளைக் காண்பதே மேல் என்பது எமது துணிபு.

இனி, சில நடைமுறைக் குறிப்புகள். டிசம்பர் முதல் மார்ச்சு வரையுள்ள மாதங்கள் இதமானவை. ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். வழங்கும் மொழி ஸ்பானியம், நாணயம் பேஸோ. பழைய நகரை நடந்தே காணலாம். காலைப்பொழுதே அதற்கு ஏற்றது. பேராலயத்துக்குள் அடக்கமான உடை வேண்டும். உணவில், அரிசிச்சோறும் அவரையும் இறைச்சியும் சேர்ந்த நண்பகல் உணவும், வேகவைத்து மசித்த வாழைக்காயும் எங்கும் கிடைக்கும். மரவள்ளி மாவாற் செய்த ‘கஸாபே’ என்னும் அடையைத் தவறாது உண்ணுக. அது தைனோ மக்கள் சுட்ட அடை. சுட்டவர் சமுதாயம் சிதைந்தும், அவர்தம் அடை இன்றும் அடுப்பில் வேகின்றது.

கல்லூரி வாழ்வினராகிய நமக்கு இறுதியாக ஒன்று. 1538இல் தோன்றிய அச்சர்வகலாசாலை வளர்ந்தது எங்கே? அஞ்சாது உண்மை உரைத்த அச்சாமிநாதர் சபையாரின் மடத்திலேதான். கல்விக்கு அங்கு இடங்கொடுத்தது, ஒரு ஞாயிறு ஊரின் பெருமக்களை எதிர்த்து நின்று, மறு ஞாயிறும் பின்வாங்காத ஒரு சிறு கூட்டம். கற்றோர் என்னும் பெயரை விரும்பும் நாம், அந்நகர்க்குச் செல்லினும் செல்லாதொழியினும், பிற முதன்மைகளுக்கெல்லாம் முன்னே அம்முதன்மையை எழுதிக்கொள்வோமாக.