ஸ்காலர்ஷிப் வந்துடுச்சா?



நம் ஆண்டு மலரில் கவிதை எழுத ஆள் உண்டு, துணுக்கு எழுத ஆள் உண்டு. எனக்கு இரண்டுமே வராது. மூன்று வருஷமாக மெக்கானிக்கல் படித்ததில் லேத் எவ்வளவு பழக்கமோ, அந்த அளவுக்கு ஸ்காலர்ஷிப்புக்கு அலைவதும் பழகிவிட்டது. அதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கம் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நம் கேண்டீனில் டீ சொல்வதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மச்சான், ஸ்காலர்ஷிப் வந்துடுச்சா?" வந்தவன் டீ வாங்கித் தர வேண்டும். வராதவன், "அப்ளை பண்ணிட்டேன்டா, பென்டிங்னு காட்டுது" என்பான். முதலாண்டில் டீ வாங்கித் தந்தவனே இரண்டாமாண்டில் பென்டிங் என்று சொல்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அது நானேதான்.

எங்கள் வீடு பள்ளிபாளையம் பக்கம். அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா தார் சுற்றுகிறார். முதலாண்டில் கல்லூரி ஆபீசில் சொன்னதையெல்லாம் கொடுத்தேன். பணம் வந்தது. "பரவால்ல கண்ணு, படிப்புச் செலவு இனி சர்க்கார் பாத்துக்கும்" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்தக் கோடை லீவில் நாமக்கல்லில் ஒரு லாரி பாடி பட்டறைக்கு வேலைக்குப் போனேன். சம்பளம் போட வேறொரு பேங்கில் கணக்குத் தொடங்கச் சொன்னார்கள். ஆதார் நம்பர் கேட்டார்கள், கொடுத்தேன். கைரேகை வைத்தேன். இரண்டு மாசம் சம்பளம் வந்தது, அந்தக் கணக்கையே மறந்துவிட்டேன். இரண்டாமாண்டு ஸ்காலர்ஷிப்புக்குப் பழைய பாஸ்புக் நகலைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஏழு மாசம் போயிற்று. விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இந்தப் பணம் நாம் எழுதிக் கொடுக்கிற கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதாரைப் பார்த்து வருகிறது. கடைசியாக எந்தப் பேங்க் நம் ஆதாரை இணைத்ததோ அங்கேதான் போகும். என் பணமும் பட்டறைச் சம்பளக் கணக்குக்குப் போயிருக்கிறது. கே.ஒய்.சி. முடியவில்லை என்று அந்தக் கணக்கு முடங்கிக் கிடந்ததால், போன வேகத்தில் திரும்பிவிட்டது. ஒருத்தர் மேலும் தப்பு சொல்ல முடியாது, பணம் மட்டும் இல்லை!

நானாவது தப்பித்தேன். மாமா ஒருவர் கைமாற்றாகக் கொடுத்தார். என் அறைத்தோழனுக்கு அந்த வழியும் இல்லை. அவன் டி.சி.யில் ஒரு இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. இரண்டும் ஒத்துப்போகவில்லை. திருத்தி வாங்கி வருவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிட்டது. வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவன் அவன். இன்றைக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் போர் போட வடநாட்டில் ஊர் ஊராகச் சுற்றுகிறான். வேலை கேவலம் என்று சொல்லவில்லை. இந்தியா பூரா நம்ம ஊர் வண்டிதான் தண்ணி எடுக்குது, அது நமக்குப் பெருமை. ஆனால் ஒரு இனிஷியலுக்காக அவன் அங்கே போயிருக்கக் கூடாது.

எங்கள் ஊரிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. கணித மேதை ராமானுஜன் 1887-ல் பிறந்த ஊர். அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தவர். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களை விட்டதில் ஸ்காலர்ஷிப் போயிற்று. வீட்டை விட்டே ஓடிப்போனார். அதற்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913-ல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்காக விதியைத் தளர்த்தினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை, அவரும் ஒழுங்காகத் தந்தார். நம்மை ராமானுஜனோடு ஒப்பிடவில்லை, சிரிக்காதீர்கள்! அவ்வளவு பெரிய மூளைக்கே கிடைத்த உதவியைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாமல் சுமார் எட்டு வருஷம் வீணாயிற்று என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி என் கருத்து. உதவியே கிடைப்பதில்லை என்று புலம்புவது முழு உண்மையில்லை. ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டம் 1944-லேயே வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கியது. வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் அதை வாங்கலாம் என்று விதியில் இருக்கிறது. இது தெரியாமல் விட்டவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி திட்டத்தில் டிப்ளமோ படிக்கும் பெண்ணுக்கு வருஷம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருக்கலாம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். ஆனால் முதலாண்டிலோ, நேரடி இரண்டாமாண்டில் சேரும்போதோ விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த வகுப்புக்குத் தேறாவிட்டால் போய்விடும். நம் கல்லூரித் தங்கைகள் எத்தனை பேருக்கு இதை யார் சொன்னோம்?

அதே சமயம் கேட்க வேண்டியதையும் கேட்கத்தான் வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கான மாநில உதவித்தொகை விதியை வாசித்துப் பாருங்கள். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரியில் மூன்று வருஷம் பி.ஏ., பி.எஸ்சி. படித்தால் நிபந்தனை எதுவும் இல்லை. பாலிடெக்னிக் என்றால் பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஏனுங்க, பாலிடெக்னிக்குக்கு வருகிறவன் எல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளையா? தறியில் கணவனும் மனைவியும் ஆளுக்கு மாசம் பத்தாயிரத்து ஐந்நூறு சம்பாதித்தாலே கோடு தாண்டிவிடும். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் என்று 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த 10 சதவீத இடஒதுக்கீட்டில் வருமான உச்சவரம்பு 8 லட்சம். அங்கே 8 லட்சம் வரை நலிந்தவர், இங்கே இரண்டரை லட்சம் தாண்டினால் வசதியானவர். எந்தக் கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் விடை கிடைக்கும்?

அடுத்தது வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான் கட்டணம். ஆனால் வி.ஏ.ஓ. கூப்பிட்டால் அப்பா போக வேண்டும், ஆர்.ஐ. கூப்பிட்டால் மறுபடி போக வேண்டும். தறி நின்ற நாளுக்குக் கூலி கிடையாது. 60 ரூபாய் காகிதத்துக்கு இரண்டு நாள் கூலி போகிறது. சேரும்போது ஒரு முறை சரிபார்த்துவிட்டு, மூன்று வருஷத்துக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன நஷ்டம்? டிப்ளமோ மூன்று வருஷம்தானே!

2021 முதல் போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. மத்தியப் பங்கு நேராக மாணவன் கணக்குக்கே வருகிறது. நடுவில் கை வைக்க ஆள் இல்லை, இது நல்லதுதான். ஆனால் கல்லூரி ஃபீஸ் கேட்பது ஜூலையில், பணம் வருவது பல மாசம் கழித்து. வருகிற சமயம் வீட்டில் வட்டிக்காரன் உட்கார்ந்திருந்தால் அது யார் கைக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கெடு என்பது எவ்வளவு கொடுமை என்பதற்கு 2024-ல் சுப்ரீம் கோர்ட் வரை போன வழக்கு ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்துக் கூலித்தொழிலாளியின் மகன், தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் கட்ட முடியாமல் இடத்தை இழந்தான். நம் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, பிறகு டெல்லி போனான். செப்டம்பர் 30 அன்று சேர்த்துக்கொள்ளும்படி தீர்ப்பு. அவனுக்கு அலைய முடிந்தது, வக்கீல் கிடைத்தார். என் அறைத்தோழனுக்கு சேலம் கலெக்டர் ஆபீசுக்குப் போய்வரவே பஸ் காசு இல்லை.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. போன வருஷ விழாவில் சீரியல் லைட்டும் ஸ்பீக்கரும் பிரமாதம், குறை சொல்லவில்லை. அந்தச் செலவில் பத்தில் ஒரு பங்கு போதும். சங்க அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நோட்டு. சேருகிற ஒவ்வொருவரின் டி.சி., ஆதார், ஜாதிச் சான்று மூன்றிலும் பெயர் ஒன்றா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஆதார் எந்தப் பேங்கில் இணைந்திருக்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். லீவு முடிந்து வந்ததும் மறுபடி கேட்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியை நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்டாமல் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

நோட்டை நான் வாங்கி, நாற்பத்திரண்டு பேர் விவரம் எழுதியும் விட்டேன். ஆனால் ஏப்ரலோடு என் படிப்பு முடிகிறது. இரண்டாமாண்டு நண்பர்களில் யார் வாங்கிக்கொள்கிறீர்கள்? மாலை நாலரைக்கு மேல் மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப் வாசலில் இருப்பேன். வரும்போது உங்கள் பாஸ்புக்கையும் எடுத்து வாருங்கள்.