கடன் செயலிகளுக்கு யார் காவல்?
உடனடிக் கடன் தரும் மோசடிச் செயலி முதலில் கேட்பது நம் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும்தான். தவணை தவறினால் போதும், முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி மாமனார், மேலதிகாரி என எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். மானத்துக்கு அஞ்சி உயிரை விட்டவர்கள் உண்டு. இந்தியாவில் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021-இலேயே சொன்னது. கடன் செயலிகள் தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்ற கூகுள் பிளே ஸ்டோரின் தடை நடைமுறைக்கு வந்ததோ 2023 மே மாதக் கடைசியில். இந்தத் தாமதத்தை மன்னிக்கவே முடியாது. போலி விமர்சனங்கள் வேறு: “ஐந்தே நிமிடத்தில் பணம் வந்துவிட்டது, சூப்பர்” என்று ஒரே வாசகம், பல பெயர்களில், ஐந்து நட்சத்திரத்தோடு. ஏமாந்தவரின் ஒற்றை நட்சத்திரக் கதறல் அடியில் புதைந்து கிடக்கும். நீக்கிய செயலியும் வேறு பெயரில் திரும்பி வருகிறது. பின்னால் இருக்கும் வங்கி எது, உரிமம் உண்டா என்று பார்க்காமல் எந்தக் கடன் செயலியையும் பிளே ஸ்டோர் உள்ளே விடக்கூடாது.