வாய் ஒன்று கூறக் கை ஒன்று செய்வதா?

பாராளுமன்றத்தில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு இரண்டு நாவுகள் உண்டு. ஒன்று வாயில் உள்ளது. மற்றையது கையில் உள்ளது. வாயினால் அவர் பேசுவது ஹன்சாட் ஏட்டில் அச்சாகி அலுமாரியிலே உறங்கும். கையினால் அவர் அளிக்கும் வாக்கோ சட்டமாகும். நள்ளிரவில் ஏழையின் கதவைத் தட்டும். வயலுக்கு வரவேண்டிய பணத்தை வேறொரு வாய்க்காலிலே திருப்பிவிடும். தேர்தல் மேடையில் நாம் கேட்பது வாயின் பேச்சை. நம்மை ஆள்வதோ கையின் பேச்சு. ஆதலின் இன்று பேச்சுக்களை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு, வாக்கெடுப்பின் எண்களைக் கையிலெடுத்துக்கொண்டு தமிழ்ப் பெருமக்கள் முன்னே வருகிறோம்.

எண்களை மறவாத இனம் நமது இனம். 1956 யூன் 15 ஆம் நாள் அரசகரும மொழிச் சட்டம் 66 க்கு 29 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அந்த 29 பேரும் தோற்கப்போவதை அறிந்தே வாக்களித்தனர். வென்ற 66 பேரின் பேச்சுக்களை இன்று எவர் நினைவில் வைத்திருக்கின்றனர்? ஆயினும் அந்த இரண்டு எண்களையும் நம் பிள்ளைகளும் அறிவார்கள். தோற்ற வாக்கும் சாட்சியாக நிற்கும் என்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டுமா?

வெறுமையான ஆசனங்கள்

அண்மைக் கால வாக்கெடுப்புக்களைப் பார்ப்போம். 2022 மார்ச் 22 ஆம் நாள் பயங்கரவாதத் தடைச் சட்டத்திற்கான திருத்தம் 86 க்கு 35 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அதே ஆண்டு யூலை 27 ஆம் நாள் அவசரகால நிலைக்கு 120 பேர் ஆதரவளித்தனர். 63 பேர் எதிர்த்தனர். 2024 சனவரி 24 ஆம் நாள் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 108 க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது.

அவையின் ஆசனங்கள் 225. கூட்டிக் கழித்துப் பாருங்கள். முதலாவது வாக்கெடுப்பில் 104 ஆசனங்களிலிருந்தும், இரண்டாவதில் 42 ஆசனங்களிலிருந்தும், மூன்றாவதில் 55 ஆசனங்களிலிருந்தும் ஆம் என்றோ இல்லை என்றோ வாக்கு எழவில்லை. இவற்றில் சபாநாயகரின் ஆசனம் ஒன்று, அதை விட்டுவிடுவோம். ஏனையோர் எங்கே? நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தன்று வாக்களியாதோரில் 47 பேர் எதிர்த்துக் கையுயர்த்தியிருப்பின் அச்சட்டமூலம் அன்றே வீழ்ந்திருக்கும். நாட்டு மக்கள் எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்று ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கும் நிலையை உண்டாக்கியவர்கள் ஆதரித்த 108 பேர் மாத்திரமல்லர். வாராதிருந்தோரும் அதிற் பங்காளிகளே. களத்திலே போர் நடக்கையில் வீட்டுத் திண்ணையில் இருந்தவன், "நான் எவரையும் வெட்டவில்லையே" என்று கூறித் தப்பமுடியுமா?

ஒரு கைநாட்டின் விலை

சட்டம் கற்றோரென்ற முறையில் ஒன்றை விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், அதன் 25 ஆம் பிரிவில், பொலிசு அதிகாரிக்கு அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக எண்பிக்கலாகாது என்று கூறுகிறது. நம்மை அடிமைப்படுத்திய வெள்ளையன் இயற்றிய சட்டம் அது. பொலிசு நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள்ளே என்ன நிகழும் என்பதை அவனும் அறிந்திருந்தான். சுதந்திர இலங்கை 1979 இல் இயற்றிய பயங்கரவாதத் தடைச் சட்டமோ, தன் 16 ஆம் பிரிவினால் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. உதவிப் பொலிசு அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பெற்ற ஒப்புதல் செல்லும். அது அடித்துப் பெறப்பட்டதாயின், அடிபட்டவனே அதை எண்பிக்க வேண்டும். அடைத்து வைக்கப்பட்ட அறையிலே சாட்சிக்கு அவன் யாரை அழைப்பான்?

இந்தச் சட்டத்தின் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற சொற்கள் உள்ளன. மூன்று ஆண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்டது 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2022 திருத்தம் தடுத்து வைக்கும் உச்ச காலத்தை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்தது. வேறு சில சலுகைகளையும் தந்தது. 16 ஆம் பிரிவைத் தொடவில்லை. நச்சு மரத்தின் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆணிவேருக்கு நீர் ஊற்றிய செயல் அது.

இதன் கொடுமையை விளக்க ஒரு வழக்குப் போதும். சிங்களம் வாசிக்க அறியாத தமிழ் இளைஞன் ஒருவன், சிங்களத்தில் தட்டெழுதிய ஒப்புதலில் கைநாட்டு இட்டதாகச் சொல்லப்பட்டது. அதன் பேரில் 1995 இல் அவனுக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் 35 ஆண்டுகளாயிற்று. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004 இல் அவனது உரிமை மீறப்பட்டதென்று கண்டது. 2006 இல் உயர் நீதிமன்றம் அவனுக்கு நிவாரணம் மறுத்தது. ஒரு கைநாட்டின் விலை ஒரு மனிதனின் இளமை முழுவதும்!

பட்டறிந்தவர்களே மறக்கலாமா?

"நாட்டின் பாதுகாப்புக்கு இச்சட்டம் வேண்டும்" என்பார்கள். 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பிலும் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் 250 க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது இச்சட்டத்திற்கு வயது ஏறத்தாழ நாற்பது. அது யாரைக் காத்தது? முன்னெச்சரிக்கை கையிலிருந்தும் செயற்படத் தவறினர் என்று முன்னாள் சனாதிபதியையும் உயர் அதிகாரிகளையும் 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் பொறுப்பாளிகளாக்கியது. குறை சட்டத்தின் வலுவில் இல்லை. கடமையைச் செய்யாமையில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இத்தகைய சட்டங்கள் தமிழர் முதுகில் மாத்திரம் விழுந்தவையல்ல. 1961 இல் சத்தியாக்கிரகத்தின் பின் அவசரகால நிலையின் கீழ்த் தமிழரசுத் தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டார்கள். பத்தாண்டுகள் கழிந்தன, 1971 இல் சிங்கள இளைஞர் முறை வந்தது. 1972 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் பொலிசாருக்கு அளித்த ஒப்புதலைச் சான்றாக்கியது. அதன் கீழ் விசாரிக்கப்பட்டவர்கள் மக்கள் விடுதலை முன்னணியினர். அம்முன்னணியே தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தி, பயங்கரவாதத் தடைச் சட்டம் உள்ளிட்ட அடக்குமுறைச் சட்டங்களை ஒழிப்போம் என்று 2024 இல் வாக்குறுதி அளித்தது. அவ்வாண்டு நவம்பரில் 159 ஆசனங்களையும் வென்றது.

சாதாரண சட்டமொன்றை நீக்குவதற்கு மூன்றிலிரண்டு வேண்டியதில்லை. வாக்களிப்போரிற் பெரும்பான்மை போதும். முழு அவையும் வந்திருந்தாலும் 113 கைகளே தேவை. கையிலிருந்ததோ 159. ஆயினும் 2025 ஆம் ஆண்டு முடிவுற்றபோதும் அச்சட்டம் நீடித்தது. நீக்கற் சட்டமூலத்திற்குப் பதிலாக, 2025 திசெம்பரில் வேறு பெயரில் இன்னொரு பயங்கரவாதச் சட்ட வரைவு வெளிவந்தது. பழைய விலங்கைக் கழற்றுமாறு கேட்டவனிடம் புதிய விலங்கின் அளவைக் காட்டுவதா விடுதலை? பட்டறிந்தவரே மறப்பராயின் நாம் யாரிடம் முறையிடுவது?

நெல்லால் அளந்து பார்ப்போம்

சட்டத்திற்குத் தயங்கிய அதே கைகள் பணத்திற்குத் தயங்கவில்லை. 2025 மார்ச் 21 ஆம் நாள் வரவு செலவுத் திட்டம் 159 க்கு 45 என நிறைவேறியது. 2025 நவம்பர் 14 ஆம் நாள் அடுத்த ஆண்டுத் திட்டத்தின் இரண்டாம் வாசிப்பு 160 க்கு 42 என நிறைவேறியது.

2025 இல் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கப்பட்டது 442 பில்லியன் ரூபா. அதாவது 44,200 கோடி. பொலிசுச் செலவு இதிற் சேராது. அதற்கு வேறு அமைச்சு உண்டு. இந்தத் தொகை எத்துணைப் பெரியது? கமக்காரரின் அளவுகோலால் அளப்போம். அவ்வாண்டு பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. அவ்விலையில் 368 கோடி கிலோ நெல்லை வாங்கலாம்! உத்தரவாத விலை வருமுன்னரே கடன்காரன் களத்துக்கு வந்துவிட, கிடைத்த விலைக்கு நெல்லைத் தள்ளிவிட்ட வன்னிக் கமக்காரர் இதைச் சிந்திக்கட்டும்.

அதே திட்டத்தில் வடக்கின் கிராமிய வீதிகளுக்கு 500 கோடி ரூபா. வட்டுவாகற் பாலத்திற்கு 100 கோடி. யாழ்ப்பாண நூலகத்திற்கு 10 கோடி. இவற்றை வரவேற்கிறோம். 2009 மே மாதத்தில் எம் மக்கள் எந்த நிலையில் அப்பாலத்தைக் கடந்தார்கள் என்பதை அறிந்தவர்கள் நாம். அது செப்பமுறுவதை வெறுப்போமா? ஆனால் வீதிக்குத் தந்ததைப்போல் 88 மடங்கு பாதுகாப்புக்குச் சென்றது என்பதையும் சொல்வோம். போர் ஓய்ந்து ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னர் வந்த கணக்கு இது. நாட்டிற்குப் படையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெள்ளத்திலே சிப்பாய் செய்த உதவியையும் மறுக்கவில்லை. இத்தனை பெரிய படை, இத்தனை காலம், யாருக்கு எதிராக என்று கேட்கிறோம். அக்கேள்விக்கு விடை பெறாமற் பணத்தை மாத்திரம் அள்ளிக் கொடுப்பது மக்கள் பிரதிநிதியின் வேலையன்று. பொதுநிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்திற்கே உரியது என்று அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை கூறுவது எதற்காக?

பத்து ரூபா வெட்டு

இவ்விடத்தில் நம் பிரதிநிதிகளுட் சிலர் ஒரு நியாயம் சொல்லக்கூடும். "பாலமும் பாசறையும் ஒரே கயிற்றிற் கட்டப்பட்டிருக்கின்றன. எதிர்த்தால் பாலத்தை எதிர்த்தான் என்பார்கள்" என்பதே அது. இதிற் பாதி உண்மை உண்டு. ஒதுக்கீட்டுச் சட்டமூலம் ஒரு மூட்டை. இரண்டாம் வாசிப்பிலே மூட்டையை முழுதாகவே ஏற்கவோ தள்ளவோ வேண்டும். ஆனால் குழுநிலையில் அந்த மூட்டை அவிழ்க்கப்படுகிறது. அமைச்சு அமைச்சாக, தலைப்புத் தலைப்பாக விவாதம் நடைபெறுகிறது. எந்தத் தலைப்பிலும் "பத்து ரூபா குறைக்கப்படுக" என்று பிரேரிக்கும் மரபு உண்டு. பத்து ரூபாவினால் எந்தப் படையும் பட்டினி கிடக்காது. ஆனால் அந்தப் பிரேரணையின் மேல் வாக்கெடுப்புக் கோரினால், பாலத்திற்கு ஆம் என்றும் பாசறைக்கு இல்லை என்றும் சொல்ல வழி பிறக்கும். வாக்கெடுப்புக் கோராவிடின் குரலோடு குரலாக எல்லாம் நிறைவேறிவிடும். எவர் ஏற்றார், எவர் மறுத்தார் என்ற தடயமே இராது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மேடைதோறும் சபித்துவிட்டு, அச்சட்டத்தை நடத்தும் இயந்திரத்திற்குப் பணம் வாக்களிக்கும் வேளையில் தேநீர்ச்சாலையில் அமர்ந்திருப்பவர் எந்தக் கட்சியினராயினும் நமக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"நாம் சிலர், நமது வாக்கால் என்ன ஆகும்?" என்பாரிடம் 1956 இன் 29 பேரை நினைவுபடுத்துகிறோம்.

நாம் கேட்பது

நம் பிரதிநிதிகளிடம் கேட்பவை நான்கு. பாதுகாப்புச் சட்டங்களும் பாதுகாப்புச் செலவும் வாக்குக்கு வரும் நாளில் அவையில் இருங்கள். குரல் வாக்கோடு விடாது பெயர்கள் பதியும் வாக்கெடுப்பைக் கோருங்கள். குழுநிலையிற் பாதுகாப்புத் தலைப்பின்மேல் வெட்டுப் பிரேரணை கொண்டுவாருங்கள். பொலிசு ஒப்புதலைச் சான்றாக்கும் எந்தச் சட்டத்திற்கும், அதன் பெயர் எத்துணை இனிதாயினும், கையுயர்த்தாதீர்கள்.

மக்களிடம் கேட்பது ஒன்றே. சட்டத்தரணிகளே, வைத்தியர்களே, ஆசிரியர்களே, வாக்கெடுப்புப் பட்டியலை எடுத்து எளிய தமிழில் எழுதிக் கொடுங்கள். கமக்காரப் பெருமக்களே, அதைச் சனசமூக நிலையச் சுவரிலும் கூட்டுறவுக் கடை வாசலிலும் ஒட்டுங்கள். அடுத்த முறை வாக்குக் கேட்டு ஒருவர் உங்கள் படலையைத் திறந்தால், மாலையோடு அந்தப் பட்டியலையும் எடுத்து வாருங்கள். அன்றைய தினம் அவருடைய கை எங்கே இருந்தது என்று முதலிற் கேளுங்கள். அவருடைய பேச்சைப் பின்னர் கேட்கலாம்.