ஐந்து மில்லிமீட்டர் குறைச்சல்

2025ஆம் ஆண்டு, எங்கள் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் காலை. ஊரைக் காலி செய்துகொண்டிருக்கிறது கூட்டம். எங்கள் தெருமுனையில் ஒரு வாடகைக் கார், டிக்கியைத் திறந்து போட்டபடி நிற்கிறது. ஆறு நாள் விரதம் இருந்துவிட்டுக் கிளம்பும் விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம். பாய், தலையணை, ஸ்டவ், போதாததற்கு ஓலைப் பெட்டியில் உடன்குடிக் கருப்பட்டி. டிக்கிக்குள் எட்டிப் பார்த்தேன். பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு சிலிண்டர் படுத்திருக்கிறது. சி.என்.ஜி. வண்டி. டிரைவர் கருப்பட்டிப் பெட்டியை நேராக வைத்தார், டிக்கி மூடவில்லை. சாய்த்து வைத்தார், அப்போதும் மூடவில்லை. கடைசியில் பெட்டி பாட்டியின் மடிக்குப் போனது.

"எங்கப்பா அம்பாசடர் வச்சிருந்தாவ அண்ணாச்சி. ஒரு கல்யாண வீட்டுச் சாமானையே உள்ள தள்ளிருவாவ. இப்ப டிக்கியப் பாதியா வெட்டிட்டானுவ. மிச்சத்துல சிலிண்டரு. நான் எங்க கொண்டு வைக்க?"

"வெட்டுனது யாருன்னு தெரியுமா தம்பி?"

"வேற யாரு, கம்பெனிக்காரன்தான்."

கம்பெனிக்காரன் பாவம். கத்திரிக்கோல் டெல்லியில் இருந்தது. 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் எது? நீளம் நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் எஞ்சின் 1200 சிசிக்கு மேல் போகக் கூடாது, டீசல் என்றால் 1500. அவ்வளவுதான், நாடு முழுக்கக் கார்களின் பின்பக்கம் சுருங்க ஆரம்பித்தது. 4160 மில்லிமீட்டர் நீளத்தில் ஓடிக்கொண்டிருந்த டிசையர், 2012இல் புது உருவம் எடுத்தபோது 3995 மில்லிமீட்டராக வந்தது. வரிக்கோட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் உள்ளே. உலகத்தில் வேறெங்கும் அதிகம் பார்க்க முடியாத, வால் ஒட்ட நறுக்கிய இந்த ஜாதிக் கார் இந்தியாவில் தெருவுக்கு நாலு நிற்பதற்கு அந்த ஐந்து மில்லிமீட்டர்தான் காரணம். ஆட்சி மாறியது, வரியின் பெயர் மாறியது, கோடு மட்டும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி.யைக் குறைத்தார்கள் அல்லவா, அதிலும் இதே நான்கு மீட்டர், இதே 1200, இதே 1500. உள்ளே இருந்தால் 18 சதவீதம், கோட்டைத் தாண்டினால் 40. பாட்டி மடியில் கருப்பட்டிப் பெட்டி ஏறி உட்கார்ந்த கதைக்கு அன்றைக்குப் பத்தொன்பது வயது.

அந்த டிரைவரைப் பார்த்துச் சிரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நானும் டெல்லி வெட்டிய சட்டையைப் போட்டுக்கொண்டு, நானே அளவு கொடுத்ததாக நினைத்தவன்தான்.

2012 மே மாதம். பெட்ரோல் விலையை ஒரே ராத்திரியில் லிட்டருக்கு ஏழரை ரூபாய் ஏற்றினார்கள். டெல்லிக் கணக்குப்படி பெட்ரோல் 73 ரூபாய் 18 காசு, டீசல் 40 ரூபாய் 91 காசு. ஏறக்குறைய முப்பத்திரண்டு ரூபாய் வித்தியாசம். பெட்ரோலை 2010 ஜூனிலேயே சந்தைக்கு அவிழ்த்து விட்டார்கள். டீசலைக் கட்டியே வைத்திருந்தார்கள். லாரிக்கு, டிராக்டருக்கு, விசைப்படகுக்கு என்று சொல்லிக் குறைத்து வைத்த டீசலைக் குடிக்க ஏ.சி. கார்கள் வரிசை கட்டின. 2012-13இல் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல். அந்தப் பாதியில் அடியேனும் ஒருவன். பெட்ரோல் வண்டியைவிட ஒரு லட்ச ரூபாய் கூடக் கொடுத்து, நாலு மாதம் காத்துக்கிடந்து ஒரு டீசல் ஹேட்ச்பேக் எடுத்தேன். கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் மிச்சம் என்று ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. நான் ஓட்டுவது திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் மாதத்துக்கு நாலு நடை, வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர். கூடக் கொடுத்த லட்சம் திரும்ப ஏழு வருஷம் ஆகும். அந்த ஏழு என்கிற எண்ணை மட்டும் நான் எழுதிப் பார்க்கவில்லை.

ஏழு வருஷம் யார் விட்டார்கள்? 2013 ஜனவரியில் டீசலை மாதா மாதம் ஐம்பது பைசா ஏற்றிக்கொள்ள மன்மோகன் சிங் அரசு அனுமதி கொடுத்தது. 2014 அக்டோபர் 18இல் மோடி அரசு டீசலின் கட்டையும் அவிழ்த்தது. அந்தத் தேதிக்கு ஒரு அழகு உண்டு: மகாராஷ்டிராவிலும் ஹரியானாவிலும் ஓட்டுப் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது, எண்ணுவதற்கு ஒரு நாள் பாக்கி. 2020 ஏப்ரலில் புகை விதி இறுகியதும், நாட்டில் அதிகம் கார் விற்கும் மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திக்கொண்டது. 2025இல் சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வித்தியாசம் எட்டு ரூபாய்ச் சொச்சம். என் லட்சம் இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை.

விலையைச் சந்தை தீர்மானிக்கிறது என்பார்கள். 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை ஆறு மணிக்குப் புது விலை என்று ஏற்பாடு. ஆனால் சந்தைக்கு அவ்வப்போது தொண்டை கட்டிக்கொள்ளும். 2018 கர்நாடகத் தேர்தலின்போது ஏப்ரல் 24இல் கட்டிய தொண்டை, ஓட்டுப் போட்டு முடித்த பிறகு மே 14இல்தான் திறந்தது. நம் ஊர்த் தேர்தலையே பாருங்கள். 2021இல் பிப்ரவரி 27க்குப் பிறகு பெட்ரோல் ஏறவேயில்லை. மே 2இல் முடிவு வந்தது. மே 4இல் ஏறியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மௌனம் அதற்கு அடுத்தது. 2021 நவம்பர் 4, தீபாவளி அன்று சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய் 40 காசு. உத்தரப் பிரதேசம், பஞ்சாப் முதலிய ஐந்து மாநிலத் தேர்தல் நடந்தது, ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது, கச்சா எண்ணெய் பீப்பாய் நூறு டாலரைத் தாண்டிப் பறந்தது, 101.40 அசையவில்லை. நூற்று முப்பத்தேழு நாள். மார்ச் 10இல் ஓட்டு எண்ணினார்கள். மார்ச் 22இல் ஏற ஆரம்பித்தது, ஏப்ரல் 6இல் 110.85இல் போய் நின்றது. பிறகு 2024 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிப்பதற்கு முதல் நாள் இரண்டு ரூபாய் குறைந்தது. அன்றிலிருந்து 2025 அக்டோபர் வரை, ஒன்றரை வருஷத்துக்கு மேலாக, விலை அநேகமாக அங்கேயே நின்றது. தொடக்கத்தில் எண்பது டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் அதற்குள் அறுபதுகளுக்கு இறங்கியிருந்தது. ஏறும்போது மட்டும் சந்தை, இறங்கும்போது இல்லை என்றால் அதற்குப் பெயர் சந்தை இல்லை.

கட்சி பார்த்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1973 நவம்பரில் பெட்ரோல் விலையைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனார். அவரே பிரதமராக இருந்த 2002இல்தான் எண்ணெய் விலையைச் சந்தையிடம் ஒப்படைக்கும் வேலை முறைப்படி தொடங்கியது. மாட்டு வண்டி எதிர்க்கட்சிக்காரர்களின் வாகனம். தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு ஐந்து ரூபாயும் டீசலுக்கு நான்கு ரூபாயும் குறைப்பதாகச் சொன்னது. ஆகஸ்ட் பட்ஜெட்டில் அன்றைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தார், வருஷத்துக்கு 1,160 கோடி போகிறது என்றார். டீசலின் நான்கு ரூபாயை நான் இன்னும் பார்க்கவில்லை. அதே சமயம் அவர் பக்கத்து நியாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய அரசு எடுத்த வரி 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பங்கு போட வேண்டிய அடிப்படைத் தீர்வை வெறும் 1 ரூபாய் 40 காசு. மிச்சமெல்லாம் செஸ், சிறப்புக் கூடுதல் தீர்வை என்று வேறு வேறு தலை. எங்கள் கடற்கரையில் சூரனும் ஆனைமுகம், சிங்கமுகம் என்று தலை மாற்றிக்கொண்டுதான் வருவான். கடைசித் தலையோடு அவன் கதை முடிந்துவிடும் என்பதுதான் வித்தியாசம். பெட்ரோலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவரும் பேச்சு 2021 செப்டம்பரில் லக்னோ கூட்டத்துக்கு வந்தபோது, எல்லா நிறத்துக் கொடியும் ஒரே குரலில் வேண்டாம் என்றது. எந்த அரசு தன் கறவை மாட்டை விற்கும்?

பெட்ரோலே கிடைக்காமல் போனால் அரசியல் எந்தக் காரைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கும் தமிழில் ஒரு கதை உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் கிடந்த யாழ்ப்பாணம். பெட்ரோல் உள்ளே வர வழியில்லை. அங்கே ஓடியவை பழைய ஆஸ்டின் ஏ-40களும் மோரிஸ் மைனர்களும். கார்புரேட்டருக்குச் சில சொட்டுப் பெட்ரோல் காட்டி உசுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புதுக் கார்கள் அந்த எண்ணெயைச் சீண்டாது. தாத்தா காலத்து எஞ்சின்கள் குடித்துவிட்டுப் புகையைக் கக்கிக்கொண்டு போயின. காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டிகள் ஒரு யுத்தத்தால் சிரஞ்சீவி ஆயின. 2022இல் அதே இலங்கைத் தீவு கியூ.ஆர். கோடு காட்டி, வாரத்துக்குக் காருக்கு இருபது லிட்டர், மோட்டார் சைக்கிளுக்கு நான்கு லிட்டர் என்று அளந்து ஊற்றியது.

இப்போது அரசியல் எங்கள் மாவட்டத்துக்கே வந்து கார் செய்கிறது. இங்கிருந்து தூத்துக்குடி நாற்பது கிலோமீட்டர். அதை ஒட்டிய சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை. 2025 ஆகஸ்ட் 4இல் அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். முதலில் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் கார். உப்பளமும் முள்காடுமாகப் பார்த்துப் பழகிய திசையிலிருந்து பளபளவென்று கார் இறங்குவதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனுக்கு அங்கே வேலை கிடைத்தால் இன்னும் சந்தோஷம்.

ஒருநாள் அவன் அப்பா கேட்டார். "அண்ணாச்சி, கரண்ட் வண்டி எடுத்துரலாமா? ஜி.எஸ்.டி. அஞ்சு பெர்சென்ட்தானாமே. பெட்ரோலே வேண்டாம்லா."

முப்பத்திரண்டு ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்து நான் டீசலுக்குப் பாய்ந்த அதே குரல். ஐந்து சதவீதம் என்பது இன்றைய அரசு இன்று எழுதிய எண். பெட்ரோல் போடாதவன் பெட்ரோல் வரி கட்டுவதில்லை. அப்படிப்பட்டவர்கள் ரோட்டில் பெருகிவிட்டால், போன காசை அரசு வேறெங்காவது பிடிக்கும். சார்ஜ் ஏற்றும் யூனிட்டிலோ, கிலோமீட்டரிலோ, சாலை வரியிலோ. பெட்ரோலை விட்டு விலகினாலும் தேர்தல் கணக்கு விடாது என்பதைச் சி.என்.ஜி.யில் பார்த்தாகிவிட்டது. 2024 நவம்பரில் டெல்லியை ஒட்டிய ஊர்களில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏற்றினார்கள். தேர்தல் நெருங்கிய டெல்லியில் ஏற்றவில்லை. நான் அவரிடம் சொன்னது இதுதான்: தினம் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓடுகிற ஆளானால், வீட்டிலேயே சார்ஜ் போட இடமிருந்தால், யோசிக்காமல் எடுங்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் என்றால் எந்த வண்டியும் உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தராது, பிடித்த வண்டியை எடுங்கள். சலுகையைப் பார்த்து மட்டும் எடுக்காதீர்கள்.

அடுத்த தேர்தல் எப்படியும் வரும். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தேதி அறிவிக்கிற அன்று உங்கள் ஊர் பங்க் பலகையில் இருக்கிற விலையை, கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவையுங்கள். ஓட்டு எண்ணிப் பத்து நாள் கழித்து இன்னொரு தாளில் எழுதுங்கள். கார் வாங்கும் எண்ணம் இருந்தால், இரண்டாவது தாளையும் எழுதிய பிறகு ஷோரூமுக்குப் போங்கள். போகும்போது வீட்டில் உள்ள பெரிய ஓலைப் பெட்டி ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள்.