மூணு ராத்திரி, ஏழு பாட்டு... வாங்கலாமா, வேணாமா?

   

இந்த வாரம் கொஞ்சம் காஸ்ட்லியான மேட்டர். ராக் இசைப் பைத்தியம் பிடிச்ச எல்லாருக்கும் ஒரு கட்டத்துல வர்ற சபலம் இது. உங்களுக்குன்னு ஒரு ஃபேவரைட் பேண்ட் இருக்கும். அவங்களோட லைவ் ஆல்பம் ஒண்ணைத் தேயத் தேயக் கேட்டிருப்பீங்க. எந்த இடத்துல கூட்டம் கை தட்டும், எந்த இடத்துல பாடகர் மூச்சு வாங்குவார்னுகூட மனப்பாடம். அப்போ பார்த்து, 'அந்த நிகழ்ச்சிகளோட முழுப் பதிவும் பாக்ஸ் செட்டா வந்திருக்கு'னு ஒரு விளம்பரம் கண்ணுல படும். பெரிய அட்டைப் பெட்டி, நாலஞ்சு சி.டி., போட்டோ புத்தகம், பளபள டிசைன்... ஆஹா! விலையைப் பார்த்தா, மெஸ் பில் கட்ட வெச்சிருந்த காசு கண் முன்னாடி வந்து நின்னு முறைக்கும்.

வாங்கலாமா, வேணாமா?

பொத்தாம்பொதுவா பேசினா இதுக்குப் பதில் கிடைக்காது. அதனால ஒரே ஒரு பெட்டியை எடுத்துப் பிரிச்சு மேய்ஞ்சுடுவோம். நம்ம ஆள், இங்கிலாந்து ராக் பேண்ட் டீப் பர்ப்பிள். ஆல்பம், 'மேட் இன் ஜப்பான்'. கிடாரைக் கையில எடுக்கிற ஒவ்வொரு பையனும் முதல் வாரத்துலயே வாசிச்சு ஹாஸ்டலை ஒருவழி பண்ற அந்த 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டுக்குச் சொந்தக்காரங்க. இவங்களைத் தெரியாதவங்க இருந்தாலும் பரவாயில்லை, படிச்சுட்டே வாங்க. கணக்கு எல்லா பேண்டுக்கும் ஒண்ணுதான்!

அரை மனசா எடுத்த ஆல்பம்

1972 மார்ச் மாசம் 'மெஷின் ஹெட்' ஆல்பம் வந்து சக்கைப் போடு போட்ட நேரம். அதே வருஷம் ஆகஸ்ட்ல ஜப்பானுக்குப் போறாங்க. அஞ்சு பேர். பாட்டு இயன் கில்லன், கிடார் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், பேஸ் ரோஜர் குளோவர், டிரம்ஸ் இயன் பெய்ஸ். ஜப்பான்ல இருந்த ரெக்கார்டு கம்பெனி, 'எங்க ஊர் மார்க்கெட்டுக்கு ஒரு லைவ் ஆல்பம் வேணும்'னு கேட்குது. இவங்களுக்கோ அதுல பெருசா இஷ்டமில்லை. கடைசியில, 'எங்க இன்ஜினீயர்தான் ரெக்கார்டு பண்ணுவார், எங்களுக்குப் பிடிச்சாத்தான் வெளியே வரணும்'னு கண்டிஷன் போட்டுட்டு ஒத்துக்கிட்டாங்க.

அந்த இன்ஜினீயர் பேர் மார்ட்டின் பர்ச். (நம்ம இனம்னு சொல்ல ஆசைதான்... ஆனா அவர் சவுண்ட் இன்ஜினீயர்! பின்னாடி அயர்ன் மெய்டனோட 1980-கள் ஆல்பங்களைத் தயாரிச்சவரும் இவரேதான். 2020-ல காலமானார்.) ஆகஸ்ட் 15, 16 ரெண்டு நாளும் ஒஸாகா நகரத்துல ஃபெஸ்டிவல் ஹால். 17-ம் தேதி டோக்கியோவுல நிப்பான் புடோகான் அரங்கம். மூணு ராத்திரியும் எட்டு ட்ராக் டேப்ல பதிவாச்சு. மொத்தச் செலவு சுமார் 3,000 டாலர்தான்னு சொல்வாங்க. ஊர் திரும்பினதும் மிக்ஸிங் வேலையைக் குளோவரும் பெய்ஸும் பார்த்துக்கிட்டாங்க. கில்லனும் பிளாக்மோரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை.

அப்படி அரை மனசா எடுத்த ஆல்பம்தான், ராக் இசையோட சிறந்த லைவ் ஆல்பங்கள்னு யார் பட்டியல் போட்டாலும் தவறாம வந்து உட்கார்ந்துக்குது!

மூணு ரீடிங் கதை

இப்போ மேட்டருக்கு வருவோம். ஆல்பத்துல மொத்தம் ஏழு பாட்டு. மூணு ராத்திரியும் மேடையில அதே ஏழு பாட்டைத்தான் வாசிச்சாங்க. கடைசியில கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்டதுக்கு வாசிச்ச பாட்டுகள் தனி. ஆக, கணக்குப் போட்டா 21 பதிவு. அதுல ஏழை எடுத்துக்கிட்டு, 14-ஐ மூட்டை கட்டி வெச்சுட்டாங்க.

லேப்ல நாம என்ன பண்றோம்? மூணு ரீடிங் எடுத்து ஆவரேஜ் போடுறோம். இங்கே அப்படி இல்லை. மூணு ரீடிங்ல எது பெஸ்ட்டோ அதை மட்டும் ஃபேர் ரெக்கார்டுல எழுதிட்டாங்க. ஆல்பம்ங்கிறது ஃபேர் ரெக்கார்டு. பாக்ஸ் செட்ங்கிறது ரஃப் நோட்டு! இதுதான் இந்தக் கட்டுரையில நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டிய ஒரே சமாச்சாரம்.

எதை எங்கிருந்து எடுத்தாங்கன்னு பார்த்தா சுவாரஸ்யமா இருக்கும். 'ஹைவே ஸ்டார்', 'சைல்ட் இன் டைம்', 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்', 'ஸ்பேஸ் ட்ரக்கிங்'... இந்த நாலும் 16-ம் தேதி ஒஸாகா. 'தி மியூல்', 'லேஸி' ரெண்டும் 17-ம் தேதி டோக்கியோ. 15-ம் தேதியில இருந்து வந்தது ஒண்ணே ஒண்ணுதான். எது தெரியுமா? உலகமே வாசிக்கிற 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'! முதல் ராத்திரி, புது ஊர், புது மேடை. மத்த ஆறு பாட்டும் அன்னிக்குத் தேறலை, ஆனா இது மட்டும் தேறியிருக்கு.

இன்னொரு கூத்து... குழுவில் இருந்தவங்க ரொம்ப ரசிச்சு வாசிச்ச ராத்திரி டோக்கியோதான்னு பின்னாடி பேசியிருக்காங்க. ஆனா அந்த ராத்திரியில இருந்து ஆல்பத்துக்குப் போனது ரெண்டே பாட்டு. மேடையில நின்னவனுக்குப் பிடிச்ச ராத்திரியும், டேப்ல நல்லா விழுந்த ராத்திரியும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயமில்லையே! இந்த வித்தியாசத்தை ஆல்பம் மட்டும் கேட்டா கண்டுபிடிக்கவே முடியாது. பெட்டியைத் திறந்தாத்தான் தெரியும்.

நிஜமாவே லைவ்தானா?

'லைவ்'னு அட்டையில போட்டிருக்கிறதை எல்லாம் அப்படியே நம்பிடாதீங்க பாஸ். நிகழ்ச்சியில சொதப்பினதை ஸ்டுடியோவுல உட்கார்ந்து திருப்பிப் பாடி ஒட்டுறது அந்தக் காலத்துலயே சகஜம். அமெரிக்காவோட கிரேட்ஃபுல் டெட் பேண்ட் 1972-ல வெளியிட்ட 'யூரோப் 72' லைவ் ஆல்பத்துல, குரல்களைப் பிறகு ஸ்டுடியோவுல திரும்பப் பதிவு பண்ணிச் சேர்த்தாங்க. தின் லிஸி பேண்டோட 1978 ஆல்பம் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' பத்தின பஞ்சாயத்து இன்னிக்கும் தீரலை. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி 'பெரும்பகுதி ஸ்டுடியோவுல செஞ்சது'ங்கிறார். பேண்டோ 'இல்லவே இல்லை'ங்குது!

'மேட் இன் ஜப்பான்'ல அந்த ஒட்டுவேலை கிடையாது. மேடையில என்ன நடந்துச்சோ அதுதான். (அட்டைப் படம் மட்டும் லண்டன்ல எடுத்தது. சரி, விடுங்க!) இந்த நேர்மைக்குச் சாட்சி வேணும்னா அதுவும் பெட்டிக்குள்ளதான் இருக்கு. மூணு ராத்திரியும் வரிசையா கேட்கிறப்போ, ஒரே பாட்டு வேற வேற ரூபத்துல வருது. ஸ்டுடியோவுல நாலரை நிமிஷம் ஓடின 'ஸ்பேஸ் ட்ரக்கிங்', மேடையில ஏறக்குறைய 20 நிமிஷம். ஸ்டுடியோவுல நாலு நிமிஷத்தைத் தொடாத 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்', இங்கே பத்து நிமிஷத்தை நெருங்குது. அதுல கிடார் ஒரு கேள்வி கேட்க, கில்லனோட தொண்டை அதையே திருப்பிச் சொல்ல... போட்டி போட்டுக்கிட்டே போறாங்க. அதை நோட்ஸ் எழுதி வெச்சு வாசிக்க முடியாது. அன்னிக்கு மேடையில தோணினதுதான். அதனாலதான் மறுநாள் அது வேற மாதிரி இருக்கு.

இன்னும் ஒரு விஷயம் சொன்னா மனசு கனக்கும். இந்தப் பதிவு நடந்து ஒரு வருஷம்கூட ஆகலை, 1973 ஜூன் 29-ம் தேதி அதே ஒஸாகா நகரத்துல இந்த அஞ்சு பேரும் கடைசி நிகழ்ச்சி வாசிச்சுட்டுப் பிரிஞ்சுட்டாங்க. கில்லனும் குளோவரும் விலகிட்டாங்க. மறுபடி அஞ்சு பேரும் ஒண்ணு சேர 1984 ஆச்சு. அந்தக் கூட்டணி உச்சத்துல இருந்த மூணு ராத்திரிகள் இவை.

ஒரே மாவு... இட்லி, தோசை, ஊத்தப்பம்!

அப்போ வாங்கிட வேண்டியதுதானே? அவசரப்படாதீங்க. இன்னொரு பக்கமும் இருக்கு.

இதே மூணு ராத்திரியை கம்பெனிகள் எத்தனை தடவை வித்திருக்காங்கன்னு பாருங்க. 1972-ல டபுள் எல்.பி. 1993-ல 'லைவ் இன் ஜப்பான்'னு மூணு சி.டி. பெட்டி, ராத்திரிக்கு ஒரு டிஸ்க். மூணு நிகழ்ச்சிகளோட பெரும்பகுதி அதுல வந்துடுச்சு. 1998-ல ஆல்பத்தைத் துடைச்சுப் பளபளப்பாக்கி, 'ஒன்ஸ்மோர்' பாட்டு மூணைச் சேர்த்து ஒரு பதிப்பு. 2014-ல புது மிக்ஸோட நாலு சி.டி., ஒரு டி.வி.டி.ன்னு மெகா பெட்டி. 2025-ல ஸ்டீவன் வில்சன் கைவண்ணத்துல இன்னொரு மிக்ஸ், இன்னொரு பெட்டி. மாவு ஒண்ணுதான் மக்களே. ஒரு தடவை இட்லி, ஒரு தடவை தோசை, ஒரு தடவை ஊத்தப்பம்!

இது எப்படி சாத்தியம்னா, அந்த எட்டு ட்ராக் டேப்ல கிடார், ஆர்கன், டிரம்ஸ், குரல்னு எல்லாம் தனித்தனிப் பாதையில பதிவாகியிருக்கு. எதை ஏத்தணும், எதை இறக்கணும்னு எத்தனை வருஷம் கழிச்சு வேணும்னாலும் புதுசா முடிவு பண்ணலாம். ஸோ, புதுப் பதிப்பு வாங்குறப்போ நீங்க வாங்குறது புது இசை இல்லை. அதே இசையைப் பத்தின இன்னொருத்தரோட அபிப்பிராயம். அதுக்குத் தனியா காசு கொடுக்கலாமாங்கிறது உங்க பர்ஸைப் பொறுத்தது.

அளவு பெருசா இருந்தா மதிப்பும் பெருசுன்னு நினைக்கிறதும் தப்பு. கிரேட்ஃபுல் டெட் அந்த 1972 ஐரோப்பியப் பயணத்தோட 22 நிகழ்ச்சிகளையும் மொத்தமா 2011-ல வெளியிட்டாங்க. எத்தனை சி.டி. தெரியுமா? 73! கப்பல் பயணப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியில அடைச்சு, 450 டாலர் விலை வெச்சு, 7,200 பிரதி மட்டும்னு அறிவிச்சாங்க. நாலே நாள்ல காலி! தினம் தினம் பாட்டுப் பட்டியலையே மாத்தி வாசிச்ச பேண்ட் அது. அதனால 22 ராத்திரிக்கும் ஒரு அர்த்தம் இருக்கு. ஆனா ஒரே பட்டியலை, ஒரே மாதிரி, நோட்டு பிசகாம வாசிக்கிற பேண்டா இருந்தா ரெண்டாவது ராத்திரியே வேஸ்ட். பெட்டியோட கனத்தைப் பார்க்காதீங்க. ராத்திரிக்கு ராத்திரி என்ன மாறுதுன்னு பாருங்க.

பைசா செலவில்லாத டெஸ்ட்

சரி, தீர்ப்பு! 'மேட் இன் ஜப்பான்' கேட்டதே இல்லையா? பெட்டிப் பக்கமே போகாதீங்க. முதல்ல அந்த ஏழு பாட்டு. 77 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். குளோவரும் பெய்ஸும் உட்கார்ந்து பொறுக்கி எடுத்த முத்துகள். அதுல ஒரு குறையும் இல்லை.

ஏற்கெனவே கேட்டு ஊறினவங்களா? காசைக் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' ஒரே பாட்டு. மூணு ராத்திரிப் பதிவையும் ஸ்ட்ரீமிங்லயோ, ஏற்கெனவே வாங்கி வெச்சிருக்கிற சீனியர்கிட்டயோ தேடிப் பிடிங்க. நல்ல ஹெட்ஃபோன், ஆஃப் பண்ணின வாட்ஸ்அப், அரை மணி நேரம். மூணையும் வரிசையா கேளுங்க. ரெண்டாவது பதிவு பாதியில கை தானா போனைத் தேடுதா? உங்களுக்கு ஆல்பம் போதும். அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை, நிம்மதியா மெஸ் பில்லைக் கட்டுங்க. மூணாவது முடிஞ்சதும், 'ரெண்டாவதுல அந்த இடம் வேற மாதிரி வந்துச்சே'னு திரும்பப் போய்க் கேட்கத் தோணுதா? பெட்டி உங்களுக்காகத்தான் செஞ்சிருக்கு!

கல்ச்சுரல்ஸ்ல வாசிக்கிற பேண்ட் பசங்களுக்கு மட்டும் டெஸ்ட் தேவையில்லை, நேரா வாங்கலாம். ஆல்பத்துல இருக்கிற சோலோவை அப்படியே காப்பி அடிக்கிறதுதான் நாம எல்லாரும் பண்றது. அந்த சோலோ பிளாக்மோருக்கே முந்தின நாள் வேற மாதிரி வந்துச்சுன்னு காதால கேட்கிறப்போ, காப்பி அடிக்கிற பயமும் போகும், சொந்தமா வாசிக்கிற தைரியமும் வரும். அஞ்சு பேர் பேண்ட்னா, ஆளுக்கு அஞ்சுல ஒரு பங்கு. எந்தப் பதிப்புன்னு கேட்டா, மூணு ராத்திரியும் முழுசா இருக்கான்னு மட்டும் பாருங்க. போட்டோ புத்தகம், போஸ்டருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீங்க. பழைய பதிப்பு மலிவா கிடைச்சா லக்கி!

நான் என்ன பண்ணினேன்னு கேட்கிறீங்களா? டெஸ்ட்ல பாஸ். பர்ஸ்ல அரியர். அடுத்த ஸ்டைபெண்டு வரட்டும்!