எடை குறைந்தவருக்கு எத்தனை சதுர மீட்டர்?

ராமேஸ்வரம் பக்கத்திலும் தூத்துக்குடியிலும் இலங்கையின் கல்பிட்டியிலும் கைட் சர்ஃபிங் காலூன்றிய பிறகு, ஆளையே இழுத்துக்கொண்டு போகும் பட்டங்கள்மேல் நம்மவர்களுக்கும் ஆசை வந்திருக்கிறது. கடலில் இறங்குமுன் மணலில் நின்று பழக, சிறிய பவர் கைட் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை சதுர மீட்டர் வாங்கலாம் என்பதைத்தான். 3 வாங்குங்கள் என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். நல்ல உடம்புள்ள ஆளுக்கு அது பொருந்தும். கேட்பவர் 45, 50 கிலோ எடையுள்ள பெண்ணாகவோ ஒல்லியான கல்லூரி மாணவனாகவோ இருந்தால் பொருந்தாது. அவர்களுக்கு 2 சதுர மீட்டர் போதும், அதுவும் நான்கு நூலும் பிரேக்கும் உள்ளதாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்த விளையாட்டு எடை குறைந்தவர்களுக்கும் முழுதாகக் கிடைக்க வேண்டும், முதல் வாரத்திலேயே மிரண்டுபோய்க் கைட்டை மூட்டை கட்டி வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

பவர் கைட்டில் குச்சி கிடையாது. மேல் துணி, கீழ்த் துணி என்று இரண்டு அடுக்கு, நடுவே அறை அறையாகத் தடுப்பு, முன் விளிம்பில் காற்று நுழைய வாய்கள். காற்று புகுந்து உப்பியதும் துணியே இறக்கையாகிவிடும். அமெரிக்காவில் டொமினா ஜால்பர்ட் 1964-இல் உருவாக்கிய பாராஃபாயிலின் வழிவந்த அமைப்பு இது. பாராகிளைடரும் அதே குடும்பம்தான். நம் ஊர்ப் பட்டத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு நூலில் இருக்கிறது. பட்டம் பலமாக இழுத்தால் நாம் நூலை விட்டுக்கொடுப்போம், இழுவை தணிந்துவிடும். பவர் கைட்டில் நூல் 20 அல்லது 25 மீட்டர் என்று அளந்து கட்டியது. விட்டுக்கொடுக்க ஒரு சாண்கூட இல்லை. காற்று தரும் இழுவை முழுவதும் கைப்பிடி வழியாக உடம்புக்கு வந்து, பாதத்தில் போய் முடிகிறது. அதனால் பாதம் மணலைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அந்தப் பிடிமானத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைட் நம் முன்னே 45 டிகிரி உயரத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். இழுவையில் ஒரு பங்கு நம்மை முன்னே இழுக்கிறது, அதே அளவு இன்னொரு பங்கு மேலே தூக்குகிறது. மேலே தூக்கும் பங்கு நம் எடையிலிருந்து கழிந்துவிடும். மிச்சமிருக்கும் எடைதான் காலை மணலில் அழுத்தும். அந்த அழுத்தத்தில் பாதியளவு உராய்வு கிடைப்பதாக எடுத்துக்கொண்டால், 75 கிலோ ஆள் சுமார் 35 கிலோ இழுவையில் சறுக்க ஆரம்பிப்பார். 50 கிலோ ஆள் 24 கிலோவை எட்டுமுன்பே சறுக்கிவிடுவார். மணலின் ஈரத்தைப் பொறுத்தும் செருப்பைப் பொறுத்தும் இந்த எண்கள் முன்னே பின்னே ஆகலாம். இருவருக்கும் இடையிலான விகிதம் மாறாது. 75 கிலோ ஆளுக்கு 3 சதுர மீட்டர் எப்படியோ, அப்படித்தான் 50 கிலோ ஆளுக்கு 2 சதுர மீட்டர். கைட் சர்ஃபிங் கைட்டுகளோடு தரப்படும் காற்று அட்டவணைகள் பலவும் 75 கிலோ ஆளை மனதில் வைத்துப் போட்டவை. அதைக் கவனிக்காமல் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஒல்லியான ஆள், தனக்கு ஒன்றரை மடங்கு பெரிய கைட்டை வாங்கி வருகிறார்.

எடை குறைந்தவரைக் காற்று எளிதில் தூக்கும் என்பது பழைய செய்திதான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் போகாக், பட்டம் இழுக்கும் வண்டி ஒன்றைச் செய்து 1826-இல் அதற்குக் காப்புரிமை வாங்கியவர். அதற்குச் சற்று முன்பு, ஆளைத் தூக்கும் சோதனைக்காக அவர் நாற்காலியில் உட்கார வைத்தது சிறுமியாக இருந்த தன் மகள் மார்த்தாவை. பட்டம் அவளை 80 மீட்டருக்கு மேல் தூக்கிச் சென்றதாகப் பதிவு இருக்கிறது. பத்திரமாகவே இறங்கினாள். பின்னாளில் கிரிக்கெட் மேதை டபிள்யூ. ஜி. கிரேஸின் தாயானதும் அவர்தான். போகாக் தூக்குவதற்காக லேசான ஆளைத் தேர்ந்தெடுத்தார். தரையில் நின்று பழக விரும்பும் லேசான ஆள், அதே காரணத்துக்காகத் துணியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இனி காற்று. அதன் வேகம் இரட்டித்தால் இழுவை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் சீராக வீசும் காற்று ஒரு கணம் 30-ஐத் தொட்டால், கையில் இருக்கும் இழுவை இரண்டே கால் மடங்கு ஆகிவிடும். நம் கடற்கரைகளில் காலையில் சோம்பலாக இருக்கும் காற்று நண்பகலுக்குப் பிறகு கடலிலிருந்து கிளம்பி வலுப்பது வழக்கம். பதினொரு மணிக்குச் சாதுவாக இருந்த கைட் இரண்டு மணிக்கு வேறு ஆளாகியிருக்கும். எடைக் கணக்கை இதோடு சேர்த்துப் பார்த்தால், 75 கிலோ ஆள் 25 கிலோமீட்டர் காற்றில் சந்திக்கும் நெருக்கடியை அதே கைட்டோடு 50 கிலோ ஆள் 20 கிலோமீட்டர் காற்றிலேயே சந்திக்கிறார். பக்கத்தில் நிற்பவர் நிம்மதியாகப் பறக்கவிடுகிறார் என்பதை வைத்து நமக்கும் இந்தக் காற்று சரி என்று முடிவு செய்ய இடமில்லை.

கைட்டின் ஓட்டமும் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். உச்சந்தலைக்கு மேலே அசையாமல் நிற்கும் கைட் லேசாகத்தான் இழுக்கும். அதையே காற்றுக்குக் குறுக்கே வெட்டி ஓடவிட்டால், துணி சந்திப்பது வீசும் காற்றை மட்டும் இல்லை, தன் ஓட்டத்தால் எழும் காற்றையும் சேர்த்துத்தான். குறுக்கே ஓடும் இறக்கையிலிருந்து எவ்வளவு சக்தி எடுக்க முடியும் என்பதை அமெரிக்காவின் மைல்ஸ் லாய்ட் 1980-இல் கணக்கிட்டுக் காட்டினார். பட்டத்தால் மின்சாரம் எடுக்க முயல்பவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். காற்றைப் போல் மூன்று மடங்கு வேகத்தில் கைட் குறுக்கே ஓடினால், அசையாமல் இருந்தபோது இருந்ததைவிடச் சுமார் பத்து மடங்கு இழுவை கிளம்பும். 20 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் துணியில் தரும் அழுத்தம் 2 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அதைப் பத்தால் பெருக்கி, துணியின் வடிவத்தால் வரும் இழப்பைக் கழித்தால், 2 சதுர மீட்டர் கைட்டே 50 கிலோ ஆளைச் சறுக்க வைக்கும் எல்லைக்கு வந்து நிற்கிறது. சின்னக் கைட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். 3 சதுர மீட்டரில் அந்த எல்லை தாண்டிப்போய்விடும்.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, எடை குறைவென்றால் பலம் குறைவென்று அர்த்தமா என்பது. கபடி ஆடுகிறவர், பாறை ஏறுகிறவர் 50 கிலோவிலேயே இரும்பு போல் இருப்பார். உண்மை, ஆனால் உராய்வுக்குத் தசையைத் தெரியாது, அது எடையை மட்டுமே பார்க்கும். கையில் பலம் உள்ளவர் ஒரு விதத்தில் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார் என்றுகூடச் சொல்வேன். பலமில்லாதவர் கைப்பிடியை விட்டுவிடும் இடத்தில் அவர் விடாமல் பிடித்துக்கொண்டு இழுபட்டுப் போவார். இடுப்பில் ஹார்னஸ் மாட்டி அதில் கைட்டைக் கொக்கி போட்டுக்கொள்வதும் இதே வகை. கையின் களைப்பு நமக்குத் தரும் எச்சரிக்கையை அது மறைத்துவிடும். ஆரம்பத்தில் ஹார்னஸ் வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. சின்னது சீக்கிரம் சலித்துவிடும், பிறகு பெரிது வாங்க வேண்டும், எதற்கு இரட்டைச் செலவு என்கிறார்கள். இந்த விளையாட்டில் ஒரே கைட்டோடு நின்றுவிடுபவர்கள் குறைவு. காற்றுக்குத் தக்கபடி இரண்டு மூன்று அளவுகள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பறக்கவிடுவதே இதன் நடைமுறை. நியூசிலாந்தின் பீட்டர் லின் 1990 வாக்கில் கைட் இழுக்கும் மூன்று சக்கர வண்டியைப் பிரபலப்படுத்திய பிறகு, வண்டியோட்டிகளின் பையிலும் வெவ்வேறு அளவுக் கைட்டுகள் சேர்ந்தன. முதலில் வாங்கிய 2 சதுர மீட்டர் வீணாகாது. பெரிய கைட்டை வெளியே எடுக்கவே முடியாத பலத்த காற்று நாளில் அதற்குத்தான் வேலை. ஆரம்பத்திலேயே 4 வாங்கியவருக்கோ அந்த நாளில் கையில் எதுவும் இருக்காது, அல்லது 4-ஐயே எடுக்கத் துணிவார்.

மூன்றாவதுதான் நேர்மையான மறுப்பு, அதில் பாதி உண்மையும் இருக்கிறது. பெரிய கைட் மெதுவாகத் திரும்பும், சின்னது வெடுக்வெடுக்கென்று திரும்பும். ஆகவே கற்றுக்கொள்ளப் பெரிதே எளிது என்பது அது. ஒரு சதுர மீட்டர் அளவுக் கைட்டில், கை நினைப்பதற்குள் அது தரையில் குத்தியிருக்கும் என்பதை மறுக்க முடியாது. அதனால்தான் 50 கிலோ ஆளுக்கும் ஒன்றரைக்குக் கீழே போக வேண்டாம் என்கிறேன். ஆனால் தவறு நடந்தால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சின்னக் கைட்டில் தவறு செய்தால் அது மணலில் மோதும், எழுப்பி மறுபடி பறக்கவிடலாம். பெரிய கைட்டில் அதே தவறு மெதுவாக நடக்கும், நடக்கும் நேரமெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி உண்டு. நீண்டு மெலிந்த இறக்கையைத் தவிர்த்து, அகலத்தில் குட்டையாக, சற்றுத் தடித்த வடிவமுள்ளதை எடுக்கலாம். அது நிதானமாக ஓடும், சுருங்கினாலும் தானே விரிந்துகொள்ளும்.

காற்று குறைவான நாளில் சின்னது எழும்பாதே என்பார்கள். மணிக்கு 12 கிலோமீட்டருக்குக் கீழே அது தள்ளாடத்தான் செய்யும், ஒப்புக்கொள்கிறேன். இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடி, லேசான கொடி விரிந்து நிற்கும் காற்று 12 முதல் 19 வரை. முதல் சில வாரங்களுக்கு அது போதும். புழுதியும் காகிதமும் கிளம்பினால் 20-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள், கவனம் வேண்டும். சிறு மரங்களே ஆட ஆரம்பித்தால் 29-க்கு மேல். அன்று எடை குறைந்த புதியவர் கைட்டைப் பிரிக்கவே கூடாது.

அளவுக்கு அடுத்தபடி நூலின் எண்ணிக்கை. இரண்டு நூல் கைட் விலை குறைவு, பிடிக்கவும் எளிது. ஆனால் அதில் பிரேக் இல்லை. நினைத்த இடத்தில் இறக்கி நிறுத்தவும் முடியாது. நான்கு நூல் கைட்டில் ஒவ்வொரு கைப்பிடியின் மேல் முனையிலும் இழுவை நூல், கீழ் முனையில் பிரேக் நூல். கைப்பிடியின் அடிப்பகுதியை உள்நோக்கி மடக்கினால் பின் விளிம்பு வளைந்து கைட் வேகம் இழக்கும், இன்னும் மடக்கினால் பின்பக்கமாகவே இறங்கும். பிரேக் நூல்களின் முனையிலிருந்து மணிக்கட்டுக்கு வரும் பட்டைக்குக் கைட் கில்லர் என்று பெயர். பயந்துபோய் இரண்டு கைப்பிடியையும் விட்டுவிட்டாலும், கைட் பிரேக் நூல்களில் மட்டும் தொங்கி, காற்றை இழந்து கந்தலாகக் கீழே விழும். பறந்து போய் யார் மேலும் மோதாது. பட்டை இல்லாத நான்கு நூல் கைட்டை வாங்க வேண்டாம், பட்டையைத் தனியாகவாவது வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். பட்டை போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கை மட்டும் போதாது. இழுவை அதிகமானதும் கை இன்னும் இறுகப் பிடிப்பது இயல்பு. விடுவதைத் தனியாகப் பழக வேண்டும். காற்று மென்மையாக இருக்கும் நாளில் வேண்டுமென்றே விட்டு விட்டுப் பார்த்துக் கையைப் பழக்கிவிட வேண்டும்.

கடலில் இறங்குவதுதான் குறி என்றால், கம்பியைப் பிடித்து ஓட்டும், மூன்றாவது நூல் பாதுகாப்புக்கென்றே உள்ள பயிற்சிக் கைட்டை எடுக்கலாம். 2 சதுர மீட்டர் என்ற கணக்கு அதற்கும் பொருந்தும். கம்பியைத் தள்ளி இழுவையைக் குறைக்கும் டிபவர் கைட்டுகள் இருப்பதால் பெரிதாகவே வாங்கலாம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அவை ஹார்னஸோடு ஓட்டுவதற்கானவை. அவற்றின் பாதுகாப்பு, சரியான கணத்தில் சரியானதைச் செய்யும் கையில் இருக்கிறது, அந்தக் கை இனிமேல்தான் உருவாக வேண்டும்.

பழையதை வாங்கினால் நான்கு நூலையும் ஒரு முளையில் மாட்டி நீட்டிப் பாருங்கள். இழுவை நூல்கள் இரண்டும், பிரேக் நூல்கள் இரண்டும் தம்முள் நீளம் ஒத்திருக்க வேண்டும். விரிக்கும்போது கைட்டை மல்லாத்தி, பின் விளிம்பு உங்களைப் பார்க்க வைத்து, அதன்மேல் இரண்டு கை மணலை அள்ளிப் போட்டுவிட்டால் நீங்கள் கைப்பிடிக்கு நடந்து வரும்வரை அசையாது. உங்களுக்கு முன்னால், காற்று போகும் திசையில், ஆளோ சாலையோ மின்கம்பியோ இருக்கக் கூடாது. நூலின் நீளத்தைப் போல் மூன்று மடங்காவது வெற்று மணல் வேண்டும். கடைக்காரரிடம் எத்தனை சதுர மீட்டர் என்று கேட்கும்போது உங்கள் எடையையும் சேர்த்தே சொல்லுங்கள். எடையைக் காதில் வாங்காமல் 3 என்று பதில் சொன்னால், இன்னொரு கடையில் விசாரியுங்கள்.