பால் சுறாவும் புதுச்சேரிச் சுறாவும்

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அதற்குப் பேர்போனது பால் சுறா. அதன் உறவுக்காரச் சுறா ஒன்று புதுச்சேரியின் பெயரைத் தாங்கியது. அது 1979க்குப் பின் உறுதியாக யார் கையிலும் அகப்படவில்லை.

இரண்டும் தரைச்சுறா வரிசையைச் சேர்ந்தவை. கண்ணைக் காக்கும் இமைச்சவ்வு இந்த வரிசையின் அடையாளம். இரண்டும் கரையோரக் கடலில் வாழ்பவை, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வளர்பவை. கூடையில் பார்த்தால் குழப்பம்தான். வால்பக்கத்துச் சிறிய முதுகுத் துடுப்பைக் கவனிக்க வேண்டும். பால் சுறாவில் அது அடிப்பக்கக் குதத் துடுப்பு தொடங்கும் இடத்துக்கு நன்கு பின்தள்ளித் தொடங்கும். புதுச்சேரிச் சுறாவில் இரண்டும் எதிரெதிரே தொடங்கும். அந்த முதுகுத் துடுப்பின் நுனியும் மார்புத் துடுப்புகளின் நுனியும் கறுத்திருக்கும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல், அழியும் ஆபத்தை வைத்து உயிரினங்களைத் தரம் பிரிக்கிறது. பத்தாண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்தில் எண்ணிக்கை 30 சதவீதமாவது குறைந்திருந்தால் 'அழிய வாய்ப்புள்ள இனம்'. குறைவு 80 சதவீதத்தைத் தொட்டால் 'மிக அருகிய இனம்'. பால் சுறா இதில் 'அழிய வாய்ப்புள்ள இனம்'. மத்தி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பால் சுறாவோ ஏறத்தாழ ஒரு வருடம் சுமந்து, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகளே ஈனும். இழுவலை பெரியது சிறியது பார்ப்பதில்லை.

புதுச்சேரிச் சுறா 'மிக அருகிய இனம்'. அழிந்தே போயிருக்கலாம் என்ற குறிப்பும் உண்டு. தீர்க்கமாகத் தேடி முடிக்காமல் ஓர் இனத்தை அழிந்ததாக எழுத முடியாது. உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் புதுச்சேரிச் சுறா மாதிரிகள் இருபதுக்கும் குறைவு.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பிடிக்கத் தடையுள்ள இனங்களோடு, புதுச்சேரிச் சுறாவை 2001இல் சேர்த்தார்கள். கடைசிப் பதிவுக்கும் அதற்கும் இடையே 22 ஆண்டுகள். பால் சுறாவைப் பிடிக்கத் தடையில்லை. ஆனால் அது சேர்ந்த குடும்பம் முழுவதும் 2023 நவம்பரில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டும். உள்ளூர்ச் சந்தையை அது தொடாது. ஒன்றுபோல் தோன்றும் இனங்களைத் துறைமுகத்தில் பிரித்தறிவது கடினம் என்பது குடும்பத்தையே சேர்த்ததற்கு ஒரு காரணம்.

தடை போடுவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடலூர் போன்ற துறைமுகங்களில் இறங்கும் பால் சுறாக்களில் குட்டிகள் எத்தனை என்று ஆண்டுதோறும் எண்ணி வெளியிடலாம். புதுச்சேரிச் சுறாவுக்கு அந்தக் கணக்கு ஒருபோதும் இருந்ததில்லை.